கோலகங்சார் ஒருநாள் சுற்றுலா: குன்றைக் காட்டினார்கள், ஆற்றைக் காட்டவில்லை

ஈப்போவில் காலையில் வேனில் ஏற்றி, மலேசியாவின் பேராக் மாநில அரச ஊரான கோலகங்சாரைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா ஒன்றில் குடும்பத்தோடு போய் வந்தோம். ஆளுக்கு 180 ரிங்கிட், மதியச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. வேன் சுத்தம். ஓட்டுநர் நிதானமானவர். வழிகாட்டியாக வந்த மலாய்த் தம்பி அந்த ஊர்க்காரர்தான், என்ன கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். இவ்வளவு இருந்தும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுக்க முடிகிறது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் ஆளிடம் குறையில்லை, என்ன காட்டுவது எதை விடுவது என்று அவர்கள் போட்டு வைத்திருக்கும் வரிசையில்தான் குறை.

விளம்பரத்தாளில் கொட்டை எழுத்தில் "500 ஆண்டுகால அரச நகரம்" என்று இருந்தது. இது பாதி உண்மை. பேராக் சுல்தானகம் 1528-இல் தொடங்கியது, அதனால் 500 ஆண்டு என்பது ஏறக்குறைய சரி. ஆனால் கோலகங்சார் அரச ஊரானது 1877-இல். அதாவது சுல்தானகத்தின் வயதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கழிந்த பிறகு. அதுவரை தலைநகரம் எங்கே இருந்தது என்று கேட்டால்தான் இந்த ஊரின் கதையே பிடிபடும், அந்தக் கேள்வியைத்தான் சுற்றுலா கேட்கவே இல்லை.

பதில் ஆற்றில் இருக்கிறது. 1511-இல் போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்ததும் கடைசி சுல்தான் மஹ்மூட் ஷா ஓடினார், பிந்தான் தீவுக்கு, பிறகு சுமத்ராவில் உள்ள கம்பாருக்கு, 1528-இல் அங்கேயே இறந்தார். அவருடைய ஒரு மகன் ஜொகூர் பக்கம் அரசை நிறுவினார். இன்னொரு மகன் முஸாபர் ஷா பேராக் ஆற்றுக்கு வந்து சுல்தானானார். இன்றைக்குப் பேராக்கில் இருக்கும் அரச குடும்பம் மலாக்கா வம்சத்தின் நேர்வழி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதனால்தான். வந்தவருக்குக் கிடைத்தது 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆறு, அதன் கிளைகளில் வெள்ளீயம். காட்டுக்குள் சாலை கிடையாது, எல்லாம் படகில்தான் இறங்கி வரவேண்டும், ஆற்றை வைத்திருப்பவன் வரி வாங்குவான். அதனால் சுல்தான்கள் ஆற்றோரமாகவே வாழ்ந்தார்கள், ஆனால் ஓரிடத்தில் நிலையாக இல்லை. ஒருவர் ஒரு வளைவில் மர அரண்மனை கட்டுவார், அவர் இறந்ததும் அடுத்தவர் தனக்குப் பிடித்த வேறொரு வளைவில் கட்டுவார். பழைய அரண்மனை மழையிலும் கரையானிலும் போய்விடும், கல்லறை மட்டும் மிஞ்சும். அரச கல்லறைகள் இன்றைக்கும் ஆற்றின் இரு கரையிலும் கம்பத்துக்குக் கம்பம் (மலாய்க் கிராமம்) சிதறிக் கிடப்பதைப் பார்க்கலாம். நம் ஊர்க் கணக்கில் தலைநகரம் என்றால் கோட்டை, கொத்தளம், ராஜவீதி என்று மனதில் வரும், அதை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். சுல்தான் எங்கே படகைக் கட்டினாரோ அதுதான் தலைநகரம்.

சரி, நாடோடியாக இருந்த அரண்மனை ஏன் 1877-இல் இங்கே வந்து நின்றுவிட்டது? இதைப் பகல் முழுக்க யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, வேனில் பாதிப்பேர் தூங்கிவிட்ட பிறகு, முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் அந்தத் தம்பிதான் சொன்னார், அதுவும் நான் கிளறிக் கேட்டதால். அன்றைய நாளின் சிறந்த அரைமணி நேரம் அதுதான், அதை 180 ரிங்கிட்டுக்குள் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

கதை ஒரு சாவில் தொடங்குகிறது. 1871-இல் சுல்தான் அலி இறந்தார். பேராக் முறைப்படி இளவரசர் ராஜா அப்துல்லாதான் அடுத்து வரவேண்டியவர். ஆனால் சுல்தானின் அடக்கத்துக்கு அவர் வரவில்லை. பழைய சுல்தானைப் புதைக்கும்போது புதியவர் அங்கே இருக்கவேண்டும் என்பது வழக்கம். வராததைக் காரணம் காட்டி, மேலாற்றுப் பிரபுக்கள் வயதான இஸ்மாயிலைத் தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள். அரச வாள், முத்திரை, நோபாட் முரசு எல்லாம் இஸ்மாயில் கையில். அப்துல்லா கீழாற்றில் இருந்துகொண்டு நான்தான் சுல்தான் என்றார். இன்னொரு பக்கம் ராஜா யூசுப், அவருக்கும் உரிமை இருந்தது, ஆனால் யாருக்கும் அவரைப் பிடிக்காது. இஸ்மாயில் பிளாஞ்சாவில், அப்துல்லா பாத்தாக் ராபிட்டில், யூசுப் கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் உள்ள சாயோங்கில். ஒரே ஆற்றில் மூன்று வளைவு, மூன்று அரண்மனை, ஒவ்வொருவரும் தன் படித்துறைதான் தலைநகரம் என்று நினைத்திருப்பார்கள்.

இதற்குள் லாருட் பக்கம் ஈயத்துக்காகச் சீனர் கூட்டங்கள் வெட்டிக்கொண்டிருந்தன, அந்தச் சந்தில் பிரிட்டிஷார் நுழைந்தார்கள். 1874 ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தம். அப்துல்லா சுல்தான் என்று ஏற்கிறோம், பதிலுக்கு ஒரு ரெசிடெண்டை (பிரிட்டிஷ் ஆலோசகரை) ஏற்றுக்கொள், மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் பேச்சைக் கேள். முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச் அவசரக்காரர். பிரபுக்கள் வாங்கி வந்த வரியில் கை வைத்தார், அவர்களிடம் கடனடிமையாக இருந்து ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார், அவமானப்படுத்துவது போலப் பேசினார். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் ஆற்றில் மிதந்த குளியல் கூடத்துக்குள் வைத்தே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அதன்பிறகு நடந்தது தெரிந்ததுதான். ஹாங்காங்கிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் படை இறங்கியது, மஹாராஜா லேலாவைத் தூக்கில் போட்டார்கள், அப்துல்லாவைச் சீஷெல்ஸ் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். (நம் மலேசிய நாட்டுப்பண்ணின் மெட்டு முதலில் பேராக் மாநிலப் பாடலின் மெட்டு, அந்த மெட்டு சீஷெல்ஸிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். நாடு கடத்தப்பட்டவர் வழியாக ஒரு நாட்டுக்கே பாட்டு வந்திருக்கிறது என்றால் விசித்திரம்தான்.)

மிஞ்சியவர் யாருக்கும் பிடிக்காத யூசுப். அவரை ஆட்சியாளராக்கினார்கள், முழு சுல்தான் பட்டம் கொடுக்க 1886 வரை இழுத்தார்கள். 1877-இல் புதிய ரெசிடெண்ட் ஹியூ லோ வந்து, படை ஏற்கெனவே கூடாரம் போட்டிருந்த கோலகங்சாரில் தங்கினார். எதிர்க்கரையில் யூசுப், இந்தக் கரையில் ஹியூ லோ. அலைந்துகொண்டிருந்த அரண்மனையை நிறுத்தியது சுல்தானின் விருப்பம் மட்டும் இல்லை, ரெசிடெண்டின் வீடு. இதைச் சொல்லாமல் குன்றின் மேலுள்ள மாளிகைகளை மட்டும் காட்டினால், பார்ப்பவனுக்கு எல்லாம் தொன்றுதொட்டு அங்கேயே இருந்ததுபோல் தோன்றிவிடும்.

இப்போது சுற்றுலாவுக்கு வருகிறேன்.

முதல் நிறுத்தம் உபுடியா பள்ளிவாசல். படத்தில் பார்த்து அலுத்துப்போன கட்டடம் என்று நினைத்துத்தான் இறங்கினேன், நேரில் நிற்கும்போது வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. பொன்னிறக் குமிழும் அதை ஒட்டி நெருக்கமாக நிற்கும் மினாராக்களும், அளவில் பெரியதாக இல்லாவிட்டாலும், வெளுப்பும் கருப்புமான பளிங்குப் பட்டைகளோடு கண்ணை இழுத்துப் பிடிக்கின்றன. நோயில் விழுந்த சுல்தான் இட்ரிஸ், குணமானால் பள்ளிவாசல் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டார், குணமானதும் 1913-இல் வேலை தொடங்கியது. வரைந்தவர் ஹப்பாக், கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமிக் பள்ளிவாசலையும் வரைந்த அதே ஆள். இத்தாலியிலிருந்து பளிங்குக்கல் வரவழைத்து இறக்கி வைத்திருந்தார்கள், சுல்தானின் யானையும் ராஜா சூலானின் யானையும் அதன்மேல் ஓடி எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டன. மறுபடி கல் வரவேண்டும், நடுவில் முதல் உலகப் போர். 1917-இல்தான் முடிந்தது, அப்போது நேர்ந்துகொண்டவர் உயிரோடு இல்லை, 1916-இலேயே போய்விட்டார். செலவு 2 லட்சம் வெள்ளி (அன்றைய டாலர்). வழிகாட்டி யானைக் கதையை நன்றாகச் சொன்னார், குழந்தைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள். பக்கத்திலேயே அரச கல்லறைகள் இருக்கின்றன. ஆறு முழுக்கச் சிதறிக் கிடந்த சுல்தான்கள் இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரே இடத்தில் அடங்கத் தொடங்கினார்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

அடுத்து புக்கிட் சண்டான் குன்றில் மேலே ஏறினால் இஸ்தானா இஸ்கண்டாரியா, 1933-இல் கட்டி முடித்தது, இன்றைக்கும் சுல்தானின் அதிகாரபூர்வ அரண்மனை. உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நியாயமும் அதுதான். ஆனால் வாசலில் படம் எடுக்க அத்தனை நேரம் எதற்கு ஒதுக்கினார்கள் என்பது தெரியவில்லை, வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

அதற்குப் பக்கத்தில் இருக்கும் இஸ்தானா கெனாங்கானுக்குத்தான் அந்த நேரத்தைக் கொடுத்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஊரிலேயே பார்க்கவேண்டிய முதல் கட்டடம் இதுதான், பள்ளிவாசலுக்கும் முன்னால். 1926-இல் சுல்தான் இஸ்கண்டார் ஷாவுக்காக என்சிக் செப்பியான் என்ற மலாய்த் தச்சர் தன் மகன்களோடு சேர்ந்து கட்டியது. வரைபடம் கிடையாது, ஆணி கிடையாது, மரத்தை மரத்தில் கோத்தே நிற்கவைத்திருக்கிறார். மேலிருந்து பார்த்தால் உறையில் இட்ட வாள் போல இருக்கும் என்கிறார்கள். பெரிய அரண்மனை எழும்பிக்கொண்டிருந்தபோது 1931 முதல் 1933 வரை சுல்தான் இங்கேதான் குடியிருந்தார். நாங்கள் போனபோது வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது, ஆனால் இதன் அழகே வெளிச்சுவரில்தான் இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து, தட்டையாக்கி, பாய் முடைவதுபோல் முடைந்து சுவராக வைத்திருக்கிறார்கள். மஞ்சள், கருப்பு, வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பட்டையும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஏறி இறங்குவது தெரியும், நாலடி தள்ளி நின்றால் அதுவே சாய்சதுரக் கட்டங்களாக ஒன்றுக்குள் ஒன்று விரியும். மஞ்சள் அரசனுக்கு உரிய நிறம், ஆனால் பொருள் கம்பத்து வீட்டுக்கு உரியது. ஆற்றோரத்தில் எழும்பி அழிந்துபோன அத்தனை மர அரண்மனைகளும் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இன்றைக்கு நமக்கு மிஞ்சியிருக்கும் தடயம் இது. அதே சுல்தான், அதே குன்று, சில ஆண்டு இடைவெளியில் ஒன்று மூங்கிலில், ஒன்று கான்கிரீட்டில். இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திப் பேசினால் அரை வரலாறு முடிந்துவிடும். நம் வேன் இங்கே பத்து நிமிடம் நின்றது, அதிலும் பாதி நேரம் கழிவறை எங்கே என்று தேடுவதில் போனது.

சுல்தான் அஸ்லான் ஷா காட்சியகம் பிரமாதம். சுல்தான் இட்ரிஸ் காலத்தில் 1903-இல் முடிந்த மாளிகை, பிறகு பெண்கள் பள்ளிக்கூடமாக இருந்து, 2003-இல் காட்சியகமானது. நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்து, பேராக் சுல்தானாகி, 1989 முதல் 1994 வரை மாமன்னராகவும் இருந்தவரின் உடைமைகள் உள்ளே. பதக்கங்கள், வந்த பரிசுகள், கார்கள், ஹாக்கி சாமான்கள். என் மகன் காரை விட்டு நகரவில்லை. எனக்கு மாளிகையின் வராந்தாவும் ஜன்னல் வளைவுகளும்தான் பிடித்தன. ஒன்று மட்டும், இங்கே நீங்கள் பார்ப்பது ஒரு சுல்தானின் வாழ்க்கை, ஊரின் வரலாறு இல்லை. ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று போனால் கை காலியாகத்தான் வருவீர்கள்.

மலாய்க் கல்லூரியை வேனிலிருந்தே கைகாட்டினார்கள். 1905-இல் அரச குடும்பப் பிள்ளைகளையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் அரசு வேலைக்குத் தயார்படுத்தத் தொடங்கியது, துன் அப்துல் ரசாக் இங்கே படித்தவர், அன்வார் இப்ராஹிமும். பள்ளி நடக்கும் இடம், உள்ளே போகக் கேட்பது முறையில்லை. ஆனால் 1897-இல் இதே ஊரில்தான் முதல் ஆட்சியாளர் மாநாடு நடந்தது, பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் என்று நான்கு மாநில ஆட்சியாளர்கள் முதன்முறையாக ஒன்றாக உட்கார்ந்தது இங்கே. இன்றைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்சியாளர் மன்றத்துக்கு வேர் அதில்தான் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! இதைவிடப் பெரிய விஷயம் இந்த ஊரில் வேறு என்ன நடந்துவிட்டது?

சாப்பாடு லக்சா, குழம்பில் போட்ட நூடுல்ஸ். கோலகங்சார் லக்சாவின் குழம்பு பினாங்கு லக்சாவைவிட இலேசாக இருக்கும், புளிப்பும் குறைவு. நன்றாக இருந்தது. அளவு போதாது, அத்தை இன்னொரு கிண்ணம் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது அந்தப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். நான் இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியதே இதற்காகத்தான், இங்கேதான் எரிச்சலும் வந்தது.

மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் நிற்கிறது. 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அதில் 9 கோலகங்சாருக்கு, ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்துக்கு. லோ செடிகொடிப் பித்தர். இரவுச் சாப்பாட்டு மேசையில் தன் குரங்குகளையும் உட்காரவைக்கும் ஆள். 1879-இல் இங்கே வந்த இசபெல்லா பேர்ட் என்ற பயணி, லோ ஊரில் இல்லாதபோது அந்தக் குரங்குகளோடுதான் விருந்து சாப்பிட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் வேடிக்கைக்கு நட்டுவைத்த மரங்கள் ஏறக்குறைய இருபது ஆண்டு சும்மா நின்றன. பிறகு காருக்கு டயர் தேவைப்பட்டது. மலாயா முழுக்கக் காடு அழிந்தது, கங்காணிகள் ஆள் சேர்க்க ஊர் ஊராகப் போனார்கள், 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்திக் கப்பல் கூலியை அதிலிருந்து கொடுத்தார்கள், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கப்பல் கப்பலாக ஆள் இறங்கியது. அந்த ஒன்பதில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்று. என் தாத்தா இந்த நாட்டுக்கு வந்ததற்கு ஏதாவது ஒரு காரணத்தைக் கைநீட்டித் தொட்டுக் காட்டச் சொன்னால் இதைத்தான் தொட்டுக் காட்டுவேன்.

வேன் என்ஜினை அணைக்கவே இல்லை. "நாட்டிலேயே மிகப் பழைய பால்மரங்களில் ஒன்று, படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம்."

அத்தை சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பல காலம் மரம் வெட்டியவர், அதாவது பால் எடுக்கப் பட்டையைச் சீவியவர். அவர் படம் எடுக்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்து அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை முழுக்க முண்டும் முடிச்சும். "கத்தி ஆழமாப் போயி மரத்துலயே பட்டா இப்படித்தான் முண்டு விழும்யா. எங்க மண்டோர் (மேற்பார்வையாளர்) பார்த்திருந்தா அன்னிக்குப் பேரே போட்டிருக்க மாட்டாரு" என்றார். வழிகாட்டித் தம்பிக்கு நான் மலாயில் சொன்னேன். அவர் உடனே, "அப்படியா மக்சிக் (அத்தை), பட்டையில எவ்வளவு ஆழம் போகணும்?" என்று கேட்க, அத்தை கட்டைவிரல் நகத்தைக் காட்டி, சாய்வாக எப்படி இழுக்கவேண்டும், பால் எந்தப் பக்கம் ஓடவேண்டும், விடிவதற்கு முன்னால் ஏன் போகவேண்டும் என்று காற்றிலேயே கத்தி பிடித்துக் காட்டத் தொடங்கினார். வேனில் இருந்து இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள்கூட இறங்கி வந்து நின்று கேட்டார்கள். அப்போது ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அடுத்த நிறுத்தத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

அடுத்த நிறுத்தம் ஒரு கடை. லாபு சாயோங் விற்கும் கடை. நாற்பது நிமிடம்.

லாபு சாயோங் என்பது சுரைக்காய் வடிவத்தில், கருப்பாக, கழுத்து நீண்ட தண்ணீர்க் கூஜா. நம் மண்பானை மாதிரிதான், வைத்த தண்ணீர் குளிர்ந்திருக்கும். பொருள் அருமையான பொருள், வாங்கலாம். ஆனால் அந்தக் கடையில் குயவர் இல்லை, சூளை இல்லை, விலைச்சீட்டு மட்டும்தான் இருந்தது. சாயோங் கம்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே போகவே இல்லை. பிறகு ஒருமுறை நாங்களாகப் போனபோது அங்கே ஒரு பட்டறையில் பார்த்தோம். சுட்ட கூஜாவைத் தகதகவென்று சிவந்திருக்கும்போதே இடுக்கியால் எடுத்து நெல் உமிக் குவியலுக்குள் செருகுகிறார்கள். குப்பென்று புகை கிளம்பும், உமி தீய்ந்த வாசனை, கொஞ்ச நேரத்தில் கூஜா கருப்பாக வெளியே வருகிறது. சாயம் கிடையாது, புகைதான் நிறம். இப்போது பல இடங்களில் அச்சில் வார்க்கிறார்கள், கையால் வனைந்ததா என்று கேட்டு வாங்குங்கள், தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும், சுவர் ஒரே தடிமனாக இருக்காது.

சாயோங் கரையில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் ஊரின் அமைப்பு விளங்குகிறது. இந்தப் பக்கம் யூசுப் இருந்த கம்பம். எதிரே கங்சார் ஆறு வந்து பேராக் ஆற்றில் சேரும் முகம், ஊர் அங்கேதான் உருவானது. ஹியூ லோவின் ஆட்சி அந்தக் கரையில், அரண்மனைகள் கொஞ்சம் தள்ளி மேட்டில். இட்ரிஸ் 1887-இல் சுல்தானாகிக் குன்றில் ஏறினார், அதற்கப்புறம் வந்தவர்கள் இறங்கவில்லை. அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது 1926 டிசம்பர் பெருவெள்ளத்தில் தெரிந்திருக்கும். நிர்வாகம் தைப்பிங்கில் இருந்தது, பிறகு 1937-இல் ஈப்போவுக்குப் போனது, பணமும் கடைகளும் அதன்பின்னாலேயே போயின. அரசர் மட்டும் இங்கே தங்கினார். ஊர் இன்றைக்கும் சின்னதாக, மரநிழலோடு இருப்பதற்கு அதுதான் காரணம், ஈப்போவின் பக்கத்தில் இருந்தும் ஈப்போவாக ஆகாமல் தப்பித்திருக்கிறது.

யாருக்கு இந்தச் சுற்றுலா சரிப்படும் என்றால், வயதானவர்களை வைத்துக்கொண்டு வெயிலில் அலைய முடியாதவர்களுக்கு, பள்ளிவாசலும் மாளிகையும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு. மற்றவர்கள் தனியாகப் போங்கள். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் மின்ரயில் நேராக கோலகங்சாரில் நிற்கிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம், நிலையத்திலிருந்து ஊருக்கு கிராப் வாடகைக் கார் பிடிக்கலாம், திரும்பும் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், விடுமுறை நாட்களில் கிடைக்காது. முதலில் ஆற்றங்கரை, பிறகு சாயோங், பிறகு பால்மரம், சாப்பாட்டுக்கு அப்புறம் குன்று. பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் மேலங்கி அங்கேயே தருவார்கள், முழங்கால் மறைக்கும் உடை போட்டுப் போனால் அதுவும் தேவைப்படாது. அப்புறம் எந்த நிறுவனத்தில் போனாலும், பணம் கட்டும் முன்னால் ஒன்று கேட்டுவிடுங்கள், கடையில் எத்தனை நிமிடம், பால்மரத்தடியில் எத்தனை நிமிடம் என்று.